புகைக்கொட்டகை மூலையில் திரும்பியவர்

ஸ்கெரிஹேவன்,
12 அக்டோபர் 1957

அன்பு மகள் அலெக்ஸினாவுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். மூன்று வயதில் நீ துறைமுகச் சுவரில் கரித்துண்டால் கிறுக்கிக்கொண்டிருந்தாய். "இந்தக் குட்டி கிறுக்குறதுக்கு ஒருநாள் லண்டன்காரன் சம்பளம் கொடுப்பான் பாரு" என்று மூன்று சாட்சிகளை வைத்துக்கொண்டு சொன்னேன். மூன்று பேரும் செத்துப்போனார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இங்கே நான், உன் அம்மா, பூனை மூவரும் சுகம். பூனைக்குக் கொழுப்பு கொஞ்சம் கூடுதல். நீ எப்படி இருக்கிறாய்? கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது.

நீ எழுதிய நாலாவது படத்தை நம் ஊரிலேயே எடுக்கப்போகிறார்களாம். ஆபர்டீன் பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள், மூன்றாம் பக்கத்தில். முதல் பக்கம் என்றுதான் நான் ஊரில் சொல்லியிருக்கிறேன். செய்தி சேகரிக்க ஒரு பத்திரிகைக்காரன் வந்தான். "இந்த ஊர்ல பதினேழு ஜார்ஜ் ஸ்லேட்டர் இருக்காங்களாமே, நீங்க எந்த ஜார்ஜ்?" என்று கேட்டான்.

"ஜார்ஜுன்னா இங்க ஜோர்டி. பத்து ஜோர்டின்னு கேளுங்க, கைக்குழந்தையும் காட்டும்."

"அதென்ன பத்து?"

வலை உதறிக்கொண்டிருந்த சாண்டி கிழவன் முந்திக்கொண்டான். "ஒரு மீன் புடிச்சா பத்துன்னு சொல்வான் சார், அதான். இவன் அண்ணன் பேரு ஊமை அலெக். வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் இவன் ஒருத்தனே பேசிடுவான்."

நான் கண்டுகொள்ளவில்லை. உன் முதல் படத்தில் வாசல் காட்சியைப் பார்த்து நாடே அழுததே, அது நிஜமா என்று பத்திரிகைக்காரன் கேட்டான். சொன்னேன். முப்பத்து நாலாம் வருஷம், நவம்பர். கடலுக்குப் புறப்பட்ட ஆளைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. அவனும் திரும்பக் கூடாது, மறந்துவைத்த புகையிலைக்காகக்கூட. திரும்பினால் படகுக்கு ஆகாது. இது தெரிந்தும் உன் அப்பா, மீனுக்குப் புகை போடும் புகைக்கொட்டகை மூலை வரை போனவர் திரும்பி வந்தார். கையில் சீழ் கட்டி, கட்டுப் போட்டுக்கொண்டு, அன்று கடலுக்குப் போகாமல் வாசலில் நின்ற என்னிடம் சொன்னார்: "ஜோர்டி, என் மக கையில மீன்கத்தி படக் கூடாது. பள்ளிக்கூடம் போகட்டும். போனவ திரும்பி வர வேண்டாம்." அன்று சாயங்காலம் 'நன்னம்பிக்கை' படகு ஐந்து பேரோடு கடலுக்குள் போய்விட்டது.

எழுதுவதை நிறுத்திவிட்டு அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேகி கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். அவள் புருஷனும் அதே படகில்தானே போனான். "உன் புருஷன் திரும்பினதாலதான் என் புருஷன் வரல" என்று அன்று உன் அம்மாவிடம் சொன்னதோடு சரி, இருபத்து மூன்று வருஷமாகப் பேச்சில்லை. பொம்பளைகள் வீம்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சித்தப்பா,
பத்து ஜோர்டி


லண்டன்,
28 அக்டோபர் 1957

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? மருந்து வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

ஸ்டூடியோவில் எனக்கு இப்போது புது அறை. பதினாலாம் எண். ஜன்னல் உண்டு. அதற்கு எதிரே, படப்பிடிப்புக்காக வரைந்த ஒரு பெரிய வானத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மழை கொட்டும்போதும் என் ஜன்னலில் நல்ல வெயில்தான். காலை ஒன்பதரைக்குள் வாசலில் இருக்கும் இயந்திரத்தில் வருகை அட்டையைக் குத்தி உள்ளே வந்துவிட வேண்டும். மாலை ஆறுக்கு மறுபடி குத்த வேண்டும். நடுவில் எழுத வேண்டும்.

தயாரிப்பாளர் மிஸ்டர் பெல்லிங் இந்தப் படத்திலும் வாசல் காட்சி வேண்டும் என்கிறார். முதல் படத்தில் அப்பா திரும்பினார். இரண்டாவதில் மாப்பிள்ளை. மூன்றாவது சிரிப்புப் படம், அதில் ஒரு பாதிரியார் திரும்பினார். "ஜனங்க அதுக்குத்தாம்மா டிக்கெட் வாங்குறாங்க" என்கிறார். அதனால் ஒரு சந்தேகம். நாற்பத்து ஒன்பதில் நீங்கள் எழுதியபோது அப்பா உங்கள் தோளில் கை வைத்தார். ஐம்பத்து மூன்றில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். போன வருஷம் தொப்பியைக் கழற்றினார். இதில் எது சரி?

என் ஒப்பந்தம் மார்ச் 31 அன்று முடிகிறது. இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். அவசரமில்லை.

அன்புடன்,
அலெக்ஸினா


ஸ்கெரிஹேவன்,
3 நவம்பர் 1957

அன்பு மகளுக்கு,

முழங்கால் மருந்து வந்தது. அண்ணி பாதியைத் தடவிக்கொண்டு மீதியை மேல்வீட்டுக் குதிரைக்குத் தடவினார். இரண்டும் ஓடுகின்றன. நீ சுகமென்று எழுதியதில் சந்தோஷம்.

மூன்றுமே சரிதான்! தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கை நிலையில், ஒரு கை என் தோளில். மனுஷனுக்கு இரண்டு கை இருக்கிறதே, அதெல்லாம் எதற்கு? மழை தூறிக்கொண்டிருந்தது. கண்ணில் நீரா மழையா என்று கேட்காதே. இரண்டும் என்று எழுது.

ஐந்து வருஷம்! இதை யோசிக்க வேறு செய்வார்களா? இந்த ஊரில் ஐந்து நாளைக்கு மேல் வேலைக்கு உறுதி சொல்லும் முதலாளி உண்டா? மீன் வருகிற வருஷம் வருகிறது, வராத வருஷம் வானத்தைப் பார்க்கிறோம். உனக்கு வானத்தையே ஜன்னலுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கையெழுத்தைப் பெரிதாகப் போடு, 'ஸ்லேட்டர்' என்பதில் வால் நீளமாக இருக்கட்டும். நீ இனி ஸ்டூடியோவுக்கே முதலாளியாவாய் என்று சாண்டியிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணன் சொன்ன சொல் வீண்போகவில்லை.

உன் சித்தப்பா,
ஜோர்டி


லண்டன்,
1 டிசம்பர் 1957

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பதில் தாமதம். மன்னியுங்கள். நான் நலமே. தூக்கம் மட்டும் விட்டு விட்டு வருகிறது.

ஒப்பந்தத்தை மறுபடி படித்தேன். ஒரு வரி இருக்கிறது. ஒப்பந்தக் காலத்தில் நான் எங்கே, எப்போது, எதில் எழுதினாலும் அது ஸ்டூடியோவைச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எழுதினாலும் அப்படித்தான். மிஸ்டர் பெல்லிங் சிரித்துக்கொண்டே, "உங்க சித்தப்பாவுக்குப் போடுற லெட்டர்கூட எங்களோடதுதாம்மா" என்றார். சிரிக்க வேண்டிய இடம் என்பதால் நானும் சிரித்தேன்.

என் மனதில் ஒரு படம் இருக்கிறது. மீன் குடலெடுக்கும் பெண்கள். மூன்று மூன்று பேராக, பருவத்துக்குப் பருவம் ஊர் ஊராகப் போகிறவர்கள். அம்மா மாதிரி, மேகி அத்தை மாதிரி. அதில் யாரும் வாசலில் திரும்புவதில்லை. நாலு வருஷமாகத் தலைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். ஒரு வரிகூடத் தாளில் எழுதவில்லை. எழுதினால் அவர்களுடையதாகிவிடும். தலைக்குள் வைத்திருந்தால் தேய்கிறது. போன மாதம் தெளிவாகத் தெரிந்த ஒரு முகம் இந்த மாதம் தெரியவில்லை.

கத்தி வெட்டாமலிருக்க அம்மா விரல்களில் துணி சுற்றுவாளே, எந்த விரலிலிருந்து தொடங்குவாள்? வேண்டாம். பதில் எழுத வேண்டாம்.

புத்தாண்டுக்கு வர முடியாது. அம்மாவிடம் வேலை அதிகம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
அலெக்ஸினா


ஸ்கெரிஹேவன்,
2 ஜனவரி 1958

அன்பு மகளுக்கு,

புது வருஷம் உனக்கு நல்லதாகப் பிறக்கட்டும். நாங்கள் சுகம். உன் எழுத்து ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது? மேஜைக்குக் கால் உடைந்துவிட்டதா?

வருஷம் பிறந்ததும் வாசலை முதலில் மிதிப்பவன் கறுத்த முடிக்காரனாக, கையில் நிலக்கரியோடு வர வேண்டும் அல்லவா? என் செம்பட்டை முடியைப் பார்த்து எந்த வீட்டிலும் விடவில்லை. தலையில் கரியைப் பூசிக்கொண்டு பத்து வீட்டில் மிதித்தேன். சரி, ஒரு வீட்டில். அதுவும் நம் வீட்டில். அண்ணி துடைப்பத்தோடு நின்றார். "தலையக் கழுவிட்டு வா, கஞ்சி ஆறுது" என்றார். மேஜையில் மூன்று தட்டு இருந்தது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

படப்பிடிப்பு பிப்ரவரியில். என்னை ஆலோசகராகப் போட்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்து முழுக்கத் தேடி என்னைத்தான் பிடித்தார்களாம். நீயும் அவர்களோடு வருவாய்தானே? உன் கட்டில் மேலிருந்த வலைகளையெல்லாம் எடுத்துவிட்டேன்.

உன் சித்தப்பா,
ஜோர்டி


லண்டன்,
20 ஜனவரி 1958

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

தட்டச்சில் அடிப்பதற்குக் கோபிக்க வேண்டாம். கை கொஞ்சம் நடுங்குகிறது. மற்றபடி நலம். நீங்கள் இருவரும் நலமென்று நம்புகிறேன்.

நான் வரவில்லை. வரலாம் என்றுதான் சொன்னார்கள். நான்தான் மறுத்தேன்.

உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? இந்த அறையை விட்டுப் போய்விடலாம் என்று தினமும் நினைக்கிறேன். வந்து உங்கள் மேஜையில் உட்கார்ந்து அந்தப் படத்தை எழுதலாம். அம்மாவே பக்கத்தில் இருப்பாள், விரலைக் காட்டுவாள். மேல்கோட்டைக்கூடப் போட்டுவிடுகிறேன். பிறகு அப்பா வந்து நிற்கிறார். என்னைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்ல ஒரே ஒரு தடவை அவர் திரும்பினார். அதற்கு ஐந்து உயிர் போயிற்று. மேகி அத்தையின் புருஷன் போனார். அம்மா இருபத்து மூன்று வருஷம் தனியாக நிற்கிறாள். 'போனவ திரும்பி வர வேண்டாம்' என்றாரே! அத்தனை விலை கொடுத்து வாங்கிய சொல்லை எப்படிச் சித்தப்பா மீறுவேன்? கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

இங்கே ஸ்டூடியோ தளத்திலும் நம் வீட்டு வாசலைக் கட்டியிருக்கிறார்கள். அச்சு அசல். நேற்று மதியம் யாருமில்லாத நேரம் அந்தக் கதவைத் திறந்து பார்த்தேன். பின்னால் செங்கல் சுவர்.

அன்புடன்,
அலெக்ஸினா


ஸ்கெரிஹேவன்,
18 பிப்ரவரி 1958

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை வாசித்தேன். கை நடுக்கத்துக்கு மீன் எண்ணெய் நல்லது. இங்கே எல்லாரும் சுகம்.

படப்பிடிப்பு முடிந்து நேற்றுத்தான் லாரிகள் போயின. உன் அப்பாவாக நடித்த லண்டன் நடிகர் முதல் நாள் மலைநாட்டு ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட பாவாடையோடு துறைமுகத்தில் இறங்கினார். கொட்டகைப் பெண்கள் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். "ஏண்டி, காத்தடிச்சா இந்த மனுஷன் எதைப் புடிப்பாரு, வலையையா பாவாடையையா?" என்றாள் ஒருத்தி. ஆலோசகர் என்ற முறையில் என் காற்சட்டையைக் கொடுத்துக் காப்பாற்றினேன்.

பிறகு வாசல் காட்சி. விடிந்ததும் தொடங்கினார்கள். சாண்டி இயக்குநரிடம் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "ஐயா, இன்னைக்கு இவரு எத்தனை தடவை திரும்புவாரு?" என்று மரியாதையாகக் கேட்டான்.

"சரியா வர்ற வரைக்கும்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு வந்து படகைக் கட்டிப்போட்டான். அன்று ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. தெருவில் ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டார்கள். மேகி வீட்டில் திரையும் இழுத்தாயிற்று.

நடிகர் கொட்டகை மூலை வரை போவார், திரும்புவார், வந்து நிலையைப் பிடிப்பார். வெளிச்சம் போதவில்லை, மறுபடி. நாய் குறுக்கே வந்தது, மறுபடி. பதினேழு தடவை, அலெக்ஸினா. நான் கூட்டிச் சொல்லவில்லை, பலகையில் சாக்கட்டியால் எண் எழுதினார்கள். பதினேழு தடவையும் நான் பக்கத்தில் நின்றேன்.

பதினேழாவதில் உன் அம்மா கொட்டகையிலிருந்து வந்தார். மேலாடையெல்லாம் செதில். விரலில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. நேரே நடிகர் முன்னால் போய் நின்றார்.

"தம்பி, எதுக்குப்பா இத்தனை தடவை திரும்புற? நேராப் போப்பா. அவரு நேராத்தான் போனாரு."

இயக்குநர் என்னைப் பார்த்தார். நடிகர் என்னைப் பார்த்தார். "வயசாயிடுச்சு, ஞாபகம் தடுமாறுது" என்று சொல்லிச் சிரித்தேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான் விஷயம். நடிகர் எனக்குத் தன் தொப்பியைப் பரிசாகக் கொடுத்தார். எனக்குக் கொஞ்சம் பெரிசு.

உன் சித்தப்பா,
ஜோர்டி


லண்டன்,
1 மார்ச் 1958

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். நலந்தானே?

அம்மா சொன்னதற்கு என்ன அர்த்தம்?

மார்ச் 31, திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்கு மிஸ்டர் பெல்லிங் அறையில் கையெழுத்து. அதற்குள் எழுதுங்கள்.

அலெக்ஸினா


ஸ்கெரிஹேவன்,
8 மார்ச் 1958

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். எனக்கு இடுப்புப் பிடிப்பு. போன வாரம் அடித்த காற்றில் தேவாலயக் கோபுரத்தில் காற்றுத் திசை காட்டும் தகரச் சேவல் பறந்து கடலில் விழுந்தது. அது விழும் என்று நான் போன வருஷமே சொன்னேன். பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. இத்தனை நாள் கொழுப்பு என்று நினைத்தது அதுதான். மீன் சுமாராக வருகிறது. நடிகர் தொப்பிக்குள் காகிதம் மடித்து வைத்திருக்கிறேன், இப்போது பொருந்துகிறது. சாண்டிக்குப் பல் வலி.

வேறு விசேஷம் இல்லை.

உன் சித்தப்பா,
ஜோர்டி


லண்டன்,
17 மார்ச் 1958

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சாண்டி மாமாவின் பல் வலிவரை எழுதியிருக்கிறீர்கள். கேட்டதற்குப் பதில் இல்லை. சரி.

நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஐந்து வருஷம் முடியும்போது எனக்கு நாற்பத்தொன்று. அந்தப் படம் அதுவரை தலைக்குள் இருக்காது, எனக்குத் தெரியும். அப்பா எனக்காகத் திரும்பினார். நான் அவருக்காகத் திரும்பாமல் இருக்கிறேன். கணக்குச் சரியாகிவிட்டது.

ஐந்தாவது படத்துக்கும் வாசல் வேண்டுமாம். ஆனால் அந்தக் காலையைப் பற்றி இனி எனக்கு எதுவும் எழுதாதீர்கள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலெக்ஸினா


ஸ்கெரிஹேவன்,
24 மார்ச் 1958

அலெக்ஸினாவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். இது புதன்கிழமைக்குள் உன் கையில் வந்துவிடும், தபால்காரியிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். உன் அம்மா சுகம். நான் சாப்பிட்டு இரண்டு நாளாகிறது. இதையும் கூட்டிச் சொல்லவில்லை.

உன் கடிதத்தை அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றார்.

"என்ன அண்ணி?"

"அன்னைக்கு நான் ஜன்னல்ல நின்னுக்கிட்டுதான் இருந்தேன் ஜோர்டி. அவரு திரும்பலை."

இருபத்து மூன்று வருஷமாக இவரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். "தெரிஞ்சுக்கிட்டே ஏன் அண்ணி பேசாம இருந்தீங்க?"

"சொல்லியிருந்தா அடுத்த வாரமே என் அண்ணன்மாரு அவ கையில கத்தியக் கொடுத்திருப்பானுங்க. உன் பேச்ச எவன் மதிப்பான்? என் பேச்ச எவன் மதிப்பான்? செத்தவரு சொன்னாருன்னா எவனும் வாயை மூடுவான். மூடினானா இல்லையா?"

"மேகி?"

"அவ புருஷன் செத்த துக்கத்துக்கு ஒரு ஆளு வேணும். நான் இருந்துட்டுப் போறேன்னு விட்டேன்." துணியை விரலில் சுற்றத் தொடங்கினார். சுண்டுவிரலிலிருந்து தொடங்குகிறார், அலெக்ஸினா. பெல்லிங் இதை எடுத்துக்கொள்ளட்டும், பரவாயில்லை.

மதியம் சாராயக்கடைக்குப் போனேன். நின்றபடியே எல்லார் முன்னாலும் சொன்னேன், அண்ணன் திரும்பவில்லை, நான் கட்டிய கதை என்று. ஒருவனும் நம்பவில்லை. "அடடா, பத்து இன்னைக்குப் புதுசா ஒண்ணு விடுறான்டா" என்று சாண்டி மேஜையைத் தட்டிச் சிரித்தான். பொய்க்கு இருந்த மதிப்பு நிஜத்துக்கு இல்லை. அங்கிருந்து மேகி வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு கேட்டாள். சாத்தவும் இல்லை, உள்ளே வா என்று சொல்லவும் இல்லை. முழுக்க முடிந்த பிறகு, "வழியை விடு" என்று என்னைத் தள்ளிவிட்டுத் தெருவில் இறங்கினாள். நம் வீட்டு வாசலில் போய் நின்றாள். தட்டக் கை வரவில்லை. அண்ணிதான் கதவைத் திறந்தார். இரண்டு பேரும் இப்போது அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சில்லை. தேநீர் மட்டும் இரண்டு தடவை போட்டாயிற்று.

அந்தச் சொல்லும் அண்ணனுடையது இல்லை. அன்று காலை நடக்கும்போது நான்தான் நச்சரித்தேன், "அந்தப் புள்ளைய பள்ளிக்கூடத்துலயே விடு, நல்லா வரும்" என்று. அண்ணன் 'ம்' என்றார். அந்த 'ம்' நிஜம். உன் அப்பாவிடமிருந்து எனக்குக் கிடைத்த கடைசிச் சொல் அதுதான். அதை வைத்துக்கொள். 'போனவ திரும்பி வர வேண்டாம்' என்பதை நான் பிற்பாடு சேர்த்தேன். காதுக்கு நன்றாக இருந்தது, அதனால் சேர்த்தேன். அதற்குள் நீ போய் மாட்டிக்கொள்வாய் என்று நான் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் முன்னாலேயே சொன்னவன், இதைப் பார்க்கவில்லை.

உன்னை வா என்று கூப்பிட மாட்டேன். புறப்பட்ட ஆளைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. திங்கட்கிழமை நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவும் தெரியாது. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு செய்.

அன்று காலை வீட்டிலிருந்து இரண்டு பேர் புறப்பட்டோம். நான் வாசலில் நிற்கவில்லை. கையில் சீழும் இல்லை, கட்டும் இல்லை. கடல் கறுத்துக் கிடந்தது. புகைக்கொட்டகை மூலை வந்ததும் எனக்குக் கால் எழவில்லை. பயம். அண்ணன் காலடி முன்னால் போய்க்கொண்டே இருந்தது. நான் நின்றது அவருக்குக் கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்க்கவில்லை. நானும் கூப்பிடக் கூடாது, கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து கையில் துணியைச் சுற்றிக்கொண்டேன். வழக்கம் நிஜமென்றால் அந்தப் படகைக் கவிழ்த்தது என் கால். பழியை அண்ணன் தலையில் வைத்தேன். உயிரோடு இருந்தபோதே எதிர்த்துப் பேசாத மனுஷன், செத்த பிறகா பேசப்போகிறார்? ஆனால் திரும்பியவனைக் கடல் கொண்டுபோகவில்லை அலெக்ஸினா. கஞ்சி குடித்துக்கொண்டு, பெரிய தொப்பியைப் போட்டுக்கொண்டு, அறுபது வயதில் இதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

கதையில் கொட்டகை நிஜம், மூலை நிஜம், திரும்பியதும் நிஜம். ஆளை மட்டும் மாற்றிவிட்டேன். திரும்பியது நான்.

ஜோர்டி